இரப்போன் முன் தலைவன்: கிரேக்கத் தொன்ம வீரரும் வேங்கடத் தலைவரும்

முன்னுரை

தலைவன் ஒருவனை வீரன் ஆக்குவது எது என்னும் வினா தமிழாய்வுக்குப் புதியதன்று. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டுதலில் க. கைலாசபதி மேற்கொண்ட ஆய்வு, தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய நூலாக 1968இல் ஆக்ஸ்ஃபோர்டில் வெளிவந்தது. சாட்விக் 1912இல் விரிவாக எடுத்துரைத்த ‘வீரயுகம்’ என்னும் கருத்தாக்கத்தை அடியொற்றி, ஹோமரின் காப்பியங்களையும் சங்கப் பாடல்களையும் ஒரே நிறையில் வைத்து நோக்கிய நூல் அது. அதன்பின் வந்த ஒப்பாய்வுகள் பல, கிரேக்கத்தில் உள்ளவை நம்மிடமும் உள்ளன என்று பட்டியலிடுவதோடு அமைந்துவிட்டன. அகில்லீஸுக்கு நிகராக அதியமான், ஹெக்டருக்கு நிகராகப் பாரி என்று இணைகள் அடுக்கப்பட்டன. ஒற்றுமையை நிறுவுவது ஒப்பாய்வின் முதற்படி. ஒன்றுபோல் தோன்றும் இடத்தில் இரண்டும் எங்கே பிரிகின்றன என்று காண்பது அடுத்த படி. அப்படியில் கால் வையாதவிடத்து, நமக்கே உரிய ஒன்றை இனங்காணும் வாய்ப்பை இழக்கிறோம்.

இக்கட்டுரை அவ்வடுத்த படியை ஒரு குறுகிய எல்லைக்குள் மேற்கொள்ள முயல்கிறது. தமிழகத்தின் வடவெல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் குறிக்கும் வேங்கடமும் அதன் தெற்கே இன்று சித்தூர் மாவட்டத்தில் அடங்கும் காணிப்பாக்கம் முதலான ஊர்களும் அவ்வெல்லை. அந்நிலத்துத் தலைவர் பற்றிய சங்கப் பாடல்கள், அதனை அடுத்த பகுதிகளின் நடுகற்கள், காணிப்பாக்கத்தில் வழங்கும் தொன்மங்கள் ஆகிய மூன்றும் கிரேக்கத் தொன்மத் தலைவர் பற்றிய செய்திகளோடு ஒப்பிடப்படுகின்றன. தலைவனின் வீரம் முடிவு செய்யப்படும் இடம் போர்க்களம் அன்று, வெறுங்கையோடு ஒருவன் வந்து நிற்கும் அவன் முன்றிலே என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

கிரேக்க மரபில் தலைவனும் வீரனும்

கிரேக்கத்தில் வீரனைக் குறிக்கும் ‘ஹீரோஸ்’ என்னும் சொல்லுக்கு இரு நிலைகள் உண்டு. ஹோமரிடத்து அது போர்மறவரையும் உயர்குடியினரையும் பொதுவாகச் சுட்டும். வழிபாட்டு மரபில் இறந்தபின் கல்லறையில் படையல் பெறும் ஒருவனைச் சுட்டும். ஹெசியாட் மனித குலத்தை ஐந்து தலைமுறைகளாகப் பகுத்து, தீபையிலும் திராயிலும் பொருது மடிந்த வீரர்களை நான்காம் தலைமுறையாக வைத்துத் தம் காலத்தை ஐந்தாவதாகக் கொள்கிறார். ஆகவே கிரேக்கப் பாடகனுக்கு வீரன் என்பவன் முன்னமே மறைந்துபோனவன். அவனை நேரில் கண்டு பாடியவர் எவரும் இலர்.

இலியட்டின் தொடக்கமே தலைவனையும் வீரனையும் இரு வேறு ஆட்களாகப் பிரித்துவிடுகிறது. படைகளுக்கெல்லாம் தலைவன் அகமெம்னான். படையில் ஒப்பற்ற வீரன் அகில்லீஸ். மக்களின் மேய்ப்பன் என்னும் அடைமொழி அகமெம்னானுக்கு மீண்டும் மீண்டும் வருகிறது. ஆயின் மேய்ப்பனின் பிழையால் மந்தை அழிவதே காப்பியத்தின் கதைப்போக்கு. சினந்து ஒதுங்கிய அகில்லீஸும் தன் பக்கத்து வீரர் மாள்வதைப் பார்த்திருக்கிறான். திராய் நகரைத் தாங்கி நின்ற ஹெக்டர், தன் துடுக்கினால் தன் மக்களையே அழித்துவிட்டதாக இறுதி நேரத்தில் தானே ஒப்புக்கொள்கிறான். பன்னிரு கப்பல்களோடு புறப்பட்ட ஒடிசியஸ் தனியனாய் ஊர் திரும்புகிறான். கிரேக்க வீரத் தலைவனின் பெருமைக்கும் அவனைச் சார்ந்தோரின் அழிவுக்கும் இடையே நெருங்கிய தொடர்பு இருப்பதை ஹோமர் மறைக்கவில்லை.

தலைமை எதற்காக என்பதற்கு இலியட்டிலேயே ஒரு விடை உண்டு. பன்னிரண்டாம் காண்டத்தில் லிசிய நாட்டுத் தலைவன் சார்ப்பிடன் தன் தோழன் கிளாக்கஸிடம் பேசுகிறான். விருந்தில் நமக்கு முதலிடமும் நல்லிறைச்சியும் நிறைகிண்ணமும் நன்னிலமும் மக்கள் தந்திருப்பது எதற்காக என்று வினவி, அதற்கு ஈடாகப் போரின் முன்னணியில் நிற்பதே நம் கடன் என்கிறான். பெற்றதற்குத் திருப்பித் தருதல் என்னும் கடப்பாடே இங்குத் தலைமையின் இலக்கணம். எனினும் திருப்பித் தரப்படுவது உயிரை ஈடுவைத்த போர் ஒன்றே. போரில்லாத நாளில் தலைவனின் கடன் யாது என்பதற்கு அவன் பேச்சில் விடையில்லை.

இரண்டு முதியோர்

இலியட்டின் முதற்காண்டத்தில் கிரைசிஸ் என்னும் முதிய பூசகன், சிறைப்பட்ட தன் மகளை மீட்க வேண்டிப் பெருஞ்செல்வத்தோடு அகமெம்னான் முன் வந்து நிற்கிறான். படையினர் அனைவரும் அவனுக்கு இரங்குகின்றனர். தலைவன் ஒருவன் மட்டும் கடுஞ்சொல் கூறி விரட்டுகிறான். கொள்ளைநோயும், பூசலும், அளவற்ற சாவும் அம்மறுப்பிலிருந்தே தொடங்குகின்றன. இறுதிக் காண்டமாகிய இருபத்துநான்காம் காண்டத்தில் பிரியாம் என்னும் முதிய மன்னன், தன் மகன் ஹெக்டரின் உடலை வேண்டி அகில்லீஸின் கூடாரத்துக்கு வருகிறான். தன் மக்களைக் கொன்ற கைகளையே முத்தமிடுகிறான். அகில்லீஸ் தன் தந்தையை நினைத்து அழுகிறான், உடலைக் கொடுக்கிறான், இருவரும் உடனிருந்து உண்கின்றனர்.

இரந்து வந்த தந்தையை ஒரு தலைவன் விரட்டியதில் தொடங்கிய காப்பியம், இரந்து வந்த மற்றொரு தந்தையை ஒரு வீரன் ஏற்றுக்கொண்டதில் முடிகிறது. ஹெக்டரைக் கொன்ற இருபத்திரண்டாம் காண்டத்தோடு காப்பியம் நின்றிருப்பின், அகில்லீஸ் வல்லமை மிக்க கொலைஞன் என்ற அளவிலேயே நம் நினைவில் நின்றிருப்பான். கொடுத்த பின்னரே அவன் முழுமை அடைகிறான். கிரேக்கச் சமயமும் இரப்போரைச் சீயஸ் தெய்வத்தின் காவலில் வைத்திருந்தது. ஆகவே, தலைவனின் வீரத்துக்கு இரப்போனே உரைகல் என்னும் எண்ணம் கிரேக்கருக்கும் தெரிந்ததே எனலாம்.

ஆயின் அவ்வெண்ணம் அங்கு எந்த நிலையில் உள்ளது என்பது கருதத்தக்கது. அகில்லீஸ் கொடுப்பதற்குத் தெய்வங்களின் ஆணை வேண்டியிருக்கிறது. மீட்புப்பொருளும் பெறப்படுகிறது. பல்லாயிரவர் மாண்ட பின், ஓர் இரவில் மட்டும் நிகழும் விதிவிலக்காக அது அமைகிறது. வேங்கடத்துப் பாடல்களில் இதுவே அன்றாடத் தொழிலாக இருப்பதைக் காண்கிறோம்.

புல்லியும் ஆதனுங்கனும்

சங்கப் பாடல்களில் வேங்கடத்தோடு இணைத்துப் பேசப்படும் தலைவருள் புல்லியும் ஆதனுங்கனும் குறிப்பிடத்தக்கவர். புல்லியை மாமூலனார் அகநானூற்றில் பல இடங்களில் நினைக்கிறார். அகம் 61இல் அவன் கள்வர் கோமான், மழவர் நிலத்தை அடக்கியவன், பெருவள்ளல். மூன்று செய்திகளும் ஒரே மூச்சில் வருகின்றன. அவன் குடியினர் வேட்டையாடிப் பெற்ற யானைத் தந்தத்தைக் கள்ளுக்கு மாற்றி வாழ்ந்தனர். கல்லாடனாரின் பாடலில் (அகம் 83) அவன் நாட்டு இளைஞர் யானைக்கன்றைப் பிடித்து நாரினால் கட்டிக் கொண்டுவந்து கள் விற்கும் மனையின் வாயிலில் கட்டுகின்றனர். ஹோமரின் தலைவர்களைப் போலவே புல்லியும் வன்மையால் பொருள் சேர்த்த தலைவன்தான். இதனை மறைத்து அவனை அறச்செல்வனாக மட்டும் காட்டுவது பாடலுக்கு உண்மையாக இருத்தல் ஆகாது. அடக்கப்பட்ட மழவர் தரப்பில் இருந்து அவனைப் பற்றிய பாடல் ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆதனுங்கனின் நிலை வேறு. அவனைக் கள்ளில் ஆத்திரையனார் பாடிய இரு பாடல்கள் (புறம் 175, 389) உள்ளன. அவற்றுள் எதுவும் அவன் வென்ற போர் ஒன்றையும் கூறவில்லை. முதற்பாடலில் புலவர், தம் நெஞ்சைத் திறந்து பார்ப்போர் அங்கே அவனையே காண்பர் என்கிறார். அவனை மறப்பதாயின் உயிர் உடலை விட்டு நீங்கித் தம்மையே தாம் மறக்கும் பொழுதுதான் மறப்பேன் என்கிறார். அடுத்து வரும் உவமை உற்றுநோக்கத்தக்கது. மோரியரின் தேர்கள் செல்வதற்காக மலையை அறுத்து அமைத்த வாயிலும், அங்கே நிலைபெற்ற ஞாயிற்று மண்டிலமும் காட்டப்படுகின்றன. நாள்தோறும் பலரைக் காக்கும் கடமையை ஏற்று நிற்கும் ஆதனுங்கன் அந்த ஞாயிற்றுக்கு ஒப்பாகிறான். பேரரசின் தேரும் படையும் உவமையின் பின்புலமாகச் சுருங்கிவிட, சிறுநிலத் தலைவன் ஒருவன் ஞாயிறாக எழுகிறான். உவமையின் அமைப்பிலேயே வெற்றியை விடக் காத்தல் பெரிது என்னும் தீர்ப்பு அடங்கியுள்ளது.

இரண்டாம் பாடல் இன்னும் நுட்பமானது. நுங்கு முற்றி இறுகி, வேம்பின் காய் வற்றி, குளம் சேறாகும் கோடையிலும், வெள்ளி நிலை திரியும் வறட்சிக் காலத்திலும், எம்மையும் நினைத்துக்கொள் என்று கூறித் தலைவன் கொடுத்தானாம். இரவலன் தலைவனிடம் தன்னை மறவாதே என்று வேண்டுவதே இயல்பு. இங்கு வேண்டுபவன் தலைவன். இரப்போன் தன்னை நாடி வருவதைத் தனக்குக் கிடைக்கும் பேறாக அவன் கருதுகிறான். மேலும், இப்பாடல் ஆதனுங்கனைப் பாடியது என்று பழங்குறிப்புக் கூறினும், பாட்டின் போக்கோ வேறொருவனை முன்னிறுத்தி, ஆதனுங்கனைப் போல நீயும் பசித்த சுற்றத்தின் துயர் தீர்ப்பாயாக என்று கேட்பதாக அமைந்துள்ளது. அங்ஙனமாயின் ஆதனுங்கன் பாடப்படும் தலைவன் என்ற நிலையைக் கடந்து, பிற தலைவரை அளக்கும் அளவுகோலாகவே ஆகிவிடுகிறான்.

கொடை பெற்ற புலவன் புகழைத் திருப்பித் தருகிறான் என்னும் கொடுக்கல்வாங்கல் விளக்கம் வீரநிலைக் கவிதை பற்றிய ஆய்வுகளில் நிலைபெற்றது. அது பொருந்தாததன்று, ஆனால் போதாதது. வேங்கடத்தைச் சார்ந்த வடபுலம் பசித்ததால் சுற்றத்தோடு தெற்கே வந்ததைக் கல்லாடனார் புறம் 391இல் கூறுகிறார். இப்பாடல்களின் பின்னே இருப்பது உண்மையான பசி. வறட்சி வழக்கமாக வரும் நிலத்தில், கோடையிலும் கதவடையாத ஒரு வாயில் உயிர் காக்கும் ஏற்பாடாக இருந்தது. அங்கு வீரம் என்னும் சொல்லின் பொருள் அவ்வாயிலை ஒட்டி உருவாவது இயல்பே.

யார் குறை கூறலாம்?

தலைவன் வீரன் அல்லன் என்று சொல்லும் உரிமை யாருக்கு இருந்தது என்னும் வினா இரு மரபுகளையும் பிரிக்கும் மற்றோர் இடம். இலியட்டின் இரண்டாம் காண்டத்தில் தெர்சிட்டஸ் என்பவன் அவையில் எழுந்து அகமெம்னானைச் சாடுகிறான். போரிடுவோர் நாங்கள், கொள்ளையும் பெண்டிரும் உனக்கா என்பது அவன் கேள்வி. முதற்காண்டத்தில் அகில்லீஸ் கேட்டதும் ஏறத்தாழ இதுவே. அகில்லீஸின் சொல்லைக் காப்பியம் பெருமிதத்தோடு கேட்கிறது. தெர்சிட்டஸையோ அவலட்சணமாகப் படைத்து, ஒடிசியஸின் கையிலுள்ள செங்கோலால் முதுகில் அடிக்கச் செய்கிறது. கூடியிருந்தோர் சிரிக்கின்றனர்.

இதனோடு ஒப்பிடத்தக்கது கோவூர்கிழார் கிள்ளிவளவன் முன் நின்ற காட்சி (புறம் 46). மலையமானின் சிறுவரை யானைக்காலில் இடவிருந்த வேளையில் புலவர் இடைபுகுகிறார். புறாவின் துயர் தீர்த்தவனின் மரபில் வந்தவன் நீ என நினைவூட்டுகிறார். யானையைக் கண்டு அழுகை மறந்து, புதிய அவையைக் கண்டு மருளும் குழந்தைகளைச் சுட்டுகிறார். கேட்டனையாயின் நீ விரும்பியதைச் செய் என்று முடிக்கிறார். சிறுவர் உய்ந்தனர் என்பது பழங்குறிப்பு. படைக்கலம் ஏந்தாதவன் சொல் இங்கு அவையில் ஏறியது. தெர்சிட்டஸ் எளிய படைஞன், கோவூர்கிழாரோ மதிப்புப் பெற்ற புலவர் என்னும் வேறுபாட்டை மறுப்பதற்கில்லை. தமிழ் மரபிலும் எளியோரின் குரல் நேரே பதிவாகவில்லை. எனினும் அவ்வெளியோருக்காக இரந்து பேசும் ஓர் இடம் அவையில் இருந்தது. அவ்விடத்திற்குத் தலைவன் செவிகொடுப்பது அவன் வீரத்துக்கு இழுக்காகக் கருதப்படவில்லை.

வேங்கடம் உள்ளிட்ட தொண்டை நாட்டுத் தலைவனாகிய தொண்டைமான் இளந்திரையன் பாடியதாக வரும் புறம் 185, சார்ப்பிடனின் பேச்சுக்கு எதிரே வைக்கத்தக்கது. நாட்டை ஆள்வது வண்டி ஓட்டுவது போன்றது. ஓட்டுவோன் வல்லவனாயின் வழியில் இனிது செல்லும். அல்லனாயின் பகை என்னும் சேற்றில் அழுந்திப் பல துன்பங்களைத் தரும் என்பது அதன் கருத்து. சார்ப்பிடனுக்குப் போர் தலைமையின் நிறைவு. இளந்திரையனுக்குப் பகை என்பது வண்டி சிக்கிக்கொள்ளும் சேறு. இரண்டும் தலைவரே தம் வாயால் தலைமைக்குத் தரும் விளக்கங்கள் என்பதால் இவ்வேறுபாடு முதன்மை பெறுகிறது.

கல்லில் உள்ளவன் யார்?

இலியட்டில் சார்ப்பிடன் மாண்டபின் அவன் உடலைத் துயிலும் சாவும் லிசியாவுக்குக் கொண்டு செல்கின்றன. அங்கே மண்மேடும் கல்லும் அமைப்பதே இறந்தோர்க்குரிய சிறப்பு என்று காப்பியம் கூறுகிறது. பிற்காலத்தில் தீசியஸின் எலும்புகள் எனக் கருதப்பட்டவற்றைக் கிமோன் ஏதென்சுக்குக் கொணர்ந்து நிறுவினான். வீரனின் கல்லறை நகரின் உடைமையாயிற்று. தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று வகுக்கும் நடுகல் மரபு இதனோடு ஒப்பிடப்படுவதுண்டு. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ்ப் பிராமி எழுத்துள்ள கற்கள் இம்மரபின் பழமையை உறுதிப்படுத்தின.

பழைய வடார்க்காடு மாவட்டத்தின் பகுதிகளையும் கடப்பை மாவட்டத்தின் பகுதிகளையும் சேர்த்து 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. ஆதலின் செங்கம் நடுகற்களையும் புங்கனூர்ப் பக்கத்து நடுகற்களையும் தொடர்புடைய ஒரு மரபின் கூறுகளாக நோக்குவதில் பிழையில்லை. பின்னவற்றில் வாணர், நுளம்பர், வைதும்பர் காலத்தவை உண்டு. எழுத்தும் ஒரே மொழியில் இல்லை. செங்கம் பகுதிக் கற்களின் வாசக அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. முதலில் அரசன் பெயரும் அவன் ஆட்சியாண்டும் வரும். அடுத்து உள்ளூர்த் தலைவனின் பெயர் வரும். இறுதியில், தொறு மீட்டபோதோ ஊரைக் காத்தபோதோ பட்டவனின் பெயர் வரும். செதுக்கப்பட்டிருக்கும் உருவம் அவ்விறுதிப் பெயருக்கு உரியது. அரசன் அக்கல்லில் காலக்குறிப்பாக மட்டுமே நிற்கிறான்.

முதலாம் மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு கோவிவன் என்னும் அவன் நாயும் இடம்பெற்றுள்ளது. கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றமைக்காக அதற்கும் பெயரும் உருவும் தரப்பட்டன. ஒடிசியஸின் நாய் ஆர்கஸ் இருபதாண்டு காத்திருந்து, தலைவனைக் கண்ட அளவில் குப்பைமேட்டில் உயிர்விடுகிறது. ஒடிசியஸ் பிறர் அறியாமல் கண்ணீரைத் துடைக்கிறான். அந்நாய்க்குக் காப்பியத்தில் இடமுண்டு, கல் இல்லை. பேரரசனைக் காலக்குறிப்பாகவும் நாயை வீரனாகவும் எழுதிய சமூகம், வீரம் பதவியோடு வருவதன்று என்பதை விளக்கவுரை இன்றியே உணர்த்திவிட்டது.

காணிப்பாக்கத் தொன்மங்கள்

கிரேக்க நகரங்கள் தம் தோற்றத்தை ஒரு வீரத் தலைவனோடு இணைத்துக்கொண்டன. தீபைக்குக் காட்மஸ், மைசீனைக்குப் பெர்சியஸ் என்று அப்பட்டியல் நீளும். சித்தூர் மாவட்டம் ஐராலா மண்டலத்தில் பாகுதா ஆற்றங்கரையில் உள்ள காணிப்பாக்கத்தின் தோற்றக்கதை இதற்கு மாறானது. கண் தெரியாதவர், காது கேளாதவர், வாய் பேசாதவர் ஆகிய உடன்பிறந்தார் மூவர் தம் சிறுநிலத்தில் உழைத்து வந்தனர். கிணறு வற்றியது. ஆழப்படுத்துகையில் கருவி கல்லில் பட்டுக் குருதி பெருகியது. மூவரும் குறை நீங்கினர். அக்கல்லே கிணற்றில் தோன்றிய விநாயகர். முதற் குலோத்துங்கன் (ஆட்சி 1070–1122) திருப்பணி செய்ததாகக் கோயில் மரபு கூறினும், தோற்றக்கதையில் அவனுக்கு இடமில்லை. வறட்சியில் நீர் தேடிய எளியோரே கதைத்தலைவர்.

ஆற்றின் பெயரோடு இணைந்த மற்றொரு கதை சங்கன், லிகிதன் என்னும் உடன்பிறந்தார் பற்றியது. மகாபாரதம் சாந்தி பருவத்திலும் இது உண்டு. தமையன் தோட்டத்துக் கனியைக் கேளாமல் உண்ட லிகிதன், சுத்யும்ன மன்னன் முன் சென்று தனக்குத் தண்டனை வேண்டுகிறான். மன்னனோ மன்னிக்க விரும்புகிறான். தண்டிக்கும் உரிமை உடையவனுக்கு மன்னிக்கும் உரிமையும் உண்டு என வாதிடுகிறான். லிகிதன் இணங்காததால் அவன் கைகள் வெட்டப்படுகின்றன. ஆற்றில் மூழ்கியபோது அவை மீண்டும் கிடைக்கின்றன. இங்கும் ஒருவன் மன்னன் முன் இரந்து நிற்கிறான்; இரப்பது தண்டனையை. தன் இரக்கத்தைக் காட்டிலும் வந்தவனின் மனச்சான்றுக்கு மதிப்பளிக்க வேண்டிய கடின நிலையில் மன்னன் நிறுத்தப்படுகிறான். கொடுப்பது எளிதன்று என்பதையும் இக்கதை காட்டுகிறது.

காணிப்பாக்கத்து விநாயகர் முன் செய்யும் சத்தியம் பொய்க்காது என்பது அப்பகுதி மக்களின் நம்பிக்கை. இலியட்டின் பத்தொன்பதாம் காண்டத்தில் அகமெம்னானும் அவை நடுவே சூளுரைத்தே தன் மதிப்பை மீட்க வேண்டியிருந்தது. இன்றைய ஆந்திர அரசியலிலும் தலைவர்கள் ஒருவரையொருவர் காணிப்பாக்கத்தில் சத்தியம் செய்ய அறைகூவும் செய்திகள் வருவதுண்டு. மற்றெல்லாரையும் வாயிலில் நிறுத்தும் தலைவன், தானும் ஓரிடத்தில் வெறுங்கையோடு நிற்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு அவ்வறைகூவலில் எஞ்சி நிற்கிறது.

முடிவுரை

கிரேக்கத் தொன்மமும் வேங்கடப் பாடல்களும் தலைவனின் போர்வன்மையைப் போற்றுவதில் ஒன்றுபடுகின்றன. அவ்வன்மையின் விலையைச் செலுத்துவோர் பிறர் என்பதிலும் ஒன்றுபடுகின்றன. இரப்போன் முன் தலைவன் நடந்துகொள்ளும் முறையே அவன் வீரத்தின் உரைகல் என்பதை இரண்டும் அறியும். ஆயின் இலியட்டில் அவ்வுண்மை பேரழிவின் முடிவில், தெய்வ ஆணையால், ஓர் இரவில் வெளிப்படுகிறது. வேங்கடத்தில் அது கோடைதோறும் சோதிக்கப்பட்டது. சோதித்தவர் உயிரோடிருந்த புலவர். சோதிக்கப்பட்டவரும் உயிரோடிருந்த தலைவர். கிரேக்க வீரனுக்குத் தீர்ப்பு வழங்கியது பின்வந்த தலைமுறை. ஆதனுங்கனுக்கு அத்தீர்ப்பை வழங்கியது அவன் வாயிலில் நின்ற பசி.

இவ்வேறுபாட்டைக் கொண்டு ஒரு மரபு மற்றதினும் உயர்ந்தது என்று கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. புல்லி அடக்கிய மழவரின் குரலும் தெர்சிட்டஸின் முதுகுத் தழும்பும் அத்தகைய பெருமிதத்துக்கு இடந்தரா. ஒப்பாய்வு இணை தேடுவதோடு நில்லாமல், வீரம் என்னும் தீர்ப்பை வழங்கியவர் யார், எந்த நிலையில் இருந்து வழங்கினர் என்று வினவ வேண்டும் என்பதே வேண்டுகோள். அவ்வினாவோடு வடவெல்லையின் நடுகற்களை மொழிவேறுபாடு கருதாது மீண்டும் படித்தல் வேண்டும். வயல்வரப்புகளில் பெயர் மறைந்து நிற்கும் அக்கற்களுள் பல, ஏடுகளில் இடம்பெறாத வீரர்களுக்கு எஞ்சியிருக்கும் ஒரே சான்று. அவை சிதையுமுன் படித்துப் பதிவுசெய்தல் எல்லையின் இருபுறத்துப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான கடமை.